பாதிப் பாட்டுப் படையல்

என் ஆசை மச்சான் குகன்,

டென்மார்க்கின் இந்தப் பிராண்டேயில் இன்றைக்கும் காற்று. நீ போன பிறகு கிற்றாரைத் தொடுவதில்லை என்றிருந்தேன். அந்த முடிவுக்கு என்ன ஆனது என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் 'தெற்கு வீதி' குழு நினைவிருக்கிறதா? இதென்ன கேள்வி! காற்றாலைத் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த டேனிஷ்காரன் லார்ஸ் தந்த கசெற்றைக் கேட்டுத்தானே இரண்டு பேருக்கும் விசர் பிடித்தது. அமெரிக்காவின் தென்பக்கத்து ராக். இரண்டு கிற்றார்கள் அண்ணன் தம்பி மாதிரிச் சேர்ந்து பாடும். முதல் கலியாண வீட்டில் ஒரு பெரியவர் கேட்டார்: "தெற்கு எண்டால் சிங்களப் பக்கமெல்லோ, சிங்களப் பாட்டோ தம்பி?" நீ சிரித்த சிரிப்பில் மேடையே குலுங்கியது.

பிறகு புரொண்பி, பிரெடெரிசியா என்று ஊர் ஊராக எத்தனை கலியாணம், பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்த சாமத்திய வீடு எத்தனை! எங்கள் நீளப் பாட்டுத் தொடங்கினால் சனம் சாப்பாட்டு வரிசைக்கு எழும்பிவிடும். அதற்காக நாங்கள் விட்டோமா என்ன?

நீ கண்மூடிய அன்றே குழுவும் முடிந்தது என்று சொல்லிவிட்டேன். "லார்ஸும் வாசிப்பான், குகனின்ர பகுதி அவனுக்குத் தெரியும்" என்றான் ட்ரம்ஸ் அடிக்கும் நேசன். எனக்கு வந்த கோபத்தில் நேசனோடு கதைப்பதையே விட்டேன்.

நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுப் படையலன்று, வசந்தி உனக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் படைத்தாள். நண்டுக் குழம்பு, கூழ், ஒரு பியர்கூட. உனக்கு மனைவி, எனக்குத் தங்கச்சி. அவளுடைய வாய் உனக்குத் தெரியாததா? என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு உயிரே அந்தப் பாட்டுத்தானே அண்ணை. அதைப் படைக்காமல் என்ன படையல்? எடுங்கோ கிற்றாரை."

எங்கள் பெரியப்பா பதறினார். "செத்தவீட்டிலை கச்சேரியோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் எண்டைக்குப் பெரியப்பா இவையின்ர பாட்டைக் கேட்டது?"

வாசித்தேன். படையல் சாப்பாட்டைத் தொடாத கிறிஸ்தவ சபைக்காரன் நேசன், தானாக வந்து மேசையில் தாளம் போட்டான். படையல் முடியாமல் யாரும் சாப்பிட முடியாதே, அதனால் முதல்முறையாக ஒரு வீடு முழுக்க எங்கள் பாட்டைக் கடைசிவரை கேட்டது. ஆனால் நீ வரவேண்டிய இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. அழுதுவிட்டேன் மச்சான்.

வசந்தி மெல்லச் சொன்னாள்: "பாதியைத்தான் படைச்சிருக்கிறியள் அண்ணை. சோத்தை வைச்சிட்டுக் கறி வைக்காத மாதிரிக் கிடக்கு."

சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். உன் இடத்தைக் காக்கிறேன் என்று, நீ உயிராக வைத்திருந்த பாட்டையல்லவா பட்டினி போடப் பார்த்தேன்?

நேசனோடு கதைத்துவிட்டேன். கோடையில் பிராண்டே ஊர் விழாவில் வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை லார்ஸ் பயிற்சிக்கு வருகிறான். உனக்குக் கோபமா?

உன் பகுதியை அவனுக்கு நானே இருந்து பழக்குவேன். பிழையாக வாசித்தால் ஏசுவேன். நீ வாசித்தது போலவே வாசித்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை. என்ன வந்தாலும் பாதியில் நிறுத்த மாட்டேன் மச்சான். இது சத்தியம்.

உன் வசந்தியின் தமையன்,
உன் மச்சான் சிவா