திருப்பிப் போட்ட படிகள்

என் அன்புக்கும், அதைவிடப் பெரிய என் பொறாமைக்கும் உரிய அத்தானுக்கு,

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அக்காவைக் கல்யாணம் செய்து மேலகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களே, அன்று ஆரம்பித்த எரிச்சல் இது. நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகியும் அது அடங்கவில்லை.

உங்கள் வீட்டு மரப்படிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் படியேறினால் குற்றாலத்து மலையே ஓர் அங்குலம் அமுங்கும். பதினாலு தேக்குப் படிகளிலும் நட்டநடுவே எருமை படுத்து உருளுகிற அளவுக்குப் பள்ளம். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாகவே ஏறிய அக்கா, நீங்கள் போனபிறகு அந்தப் பள்ளங்களில் கால் வைத்து ஏறத் தொடங்கினாள். இரண்டு முறை வழுக்கி விழுந்தாள்.

"மாமா, அம்மா இன்னொரு தடவ விழுந்தா வீட்டப் பூட்டிட்டு சென்னைக்குக் கூட்டிட்டு வந்துருவேன்" என்று போனில் சொன்னான் உங்கள் மகன். அக்கா சென்னைக்குப் போய்விட்டால் நான் தினமும் தென்காசியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து யாரிடம் திட்டு வாங்குவது?

ஆய்க்குடியிலிருந்து ஆசாரியை வரவழைத்தேன். "இத இழைச்சா பலகை பாதியாயிரும் அண்ணாச்சி. கழத்தித் திருப்பிப் போடுவோம். அடிப்பக்கம் புதுசுல்லா" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைப்பானேன்? நாற்பது வருட உங்கள் காலடியை ஒரே நாளில் கவிழ்த்துவிடலாமே!

பலகைகள் திரும்பின. உப்புத்தாள் வைத்து நானே தேய்த்தேன். பறந்த தூளில் சிவகிரி வரைக்கும் பொழுது இருட்டியிருக்கும். "வார்னிஷ சாரல் நின்னப்புறம் அடிப்போம்" என்று ஆசாரி கெஞ்சினார். எனக்கு ஏது பொறுமை? அடித்தேன். மூன்று நாளாகியும் காயாமல் அல்வா மாதிரி பிசுபிசுத்தது.

நான்காம் நாள் காலையில் வந்து பார்த்தால், கீழிருந்து மேல்வரை அக்காவின் காலடித் தடம். அத்தனையும் நடுவில். பள்ளம் இருந்த அதே இடத்தில், பள்ளமே இல்லாத பலகையில்.

"என்னக்கா, காயுற வரைக்கும் ஓரமாப் போகக்கூடாதா?"

"ஏலே, எங்கன கால் வைக்கணும்னு நீ எனக்குச் சொல்லுதியாக்கும்?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இப்ப வழுக்கல, லே" என்றாள்.

இது நியாயமா அத்தான்? பலகையையே புரட்டிப் போட்டும் உங்களை ஜெயிக்க முடியவில்லையே. நான் போனபிறகு என் செருப்புத் தடத்தையாவது யாரும் துடைக்காமல் வைப்பார்களா?

உங்கள் மகனிடம் பேசிவிட்டேன். அக்கா இந்த வீட்டில்தான் இருக்கிறாள். சாரல் நின்றதும் அந்தத் தடங்கள் அப்படியே காய்ந்து இறுகிவிட்டன. தேய்த்துவிட்டு இன்னொரு பூச்சு அடிக்கலாம் என்றார் ஆசாரி. வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் படிகளில் இனி எத்தனை முறை ஏறினாலும் சுவரோரமாகத்தான் ஏறுவேன். வயிறு எரியத்தான் ஏறுவேன். ஆனால் நடுவில் கால் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களிடம் அக்காவைப் பறிகொடுத்த மச்சினன்