பாப்பாவுக்குக் காவலாள் வேண்டாம்

அம்மாடி,

பால் காய்ச்சி வெச்சிருக்கேன். பேச்சுப் பயிற்சி டீச்சர் வருவாங்க. பாப்பா அவங்க செருப்பை ஒளிச்சு வெச்சா திட்டாதே.

நம்ம பாப்பாவுக்கு வளர்ச்சி மெதுவாத்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து நீ சரியாத் தூங்கல. நேத்து, "நமக்கப்புறம் இவளைப் பாத்துக்க இன்னொரு பிள்ளை வேணும்"னு நீ சொன்னதும் நான் எழுந்து போயிட்டேன். கோவம் இல்ல. பொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பிள்ளை தலையில பொறுப்பைக் கட்ட எனக்கு மனசு ஒப்பல.

ஆனா, தூக்கிக் கொஞ்ச இன்னொண்ணு வேணும்னா சொல்லு. எனக்கும் ஆசைதான். பஸ்ஸை டிப்போல விட்டதும் ஓடி வந்துடறேன், பேசலாம்.

பி.கு.: அடுத்ததுக்கும் பேச்சு லேட்டா வருமோன்னு பயப்படாதே. மெதுவா வரட்டும். அதுவரைக்கும் எல்லாருக்கும் சேர்த்து நீதான் பேசுறியே!