வடக்கே சாய்த்துவிட்டேன், அக்கா

என் அருமை அக்கா,

உன் ரேடார் பேசிவிட்டது. மொரப்பூர்ப் பக்கத்துப் பொட்டலில் நாம் இருவரும் வேலை பார்த்த, இத்தனை நாள் ஊமையாகக் கிடந்த அதே ரேடார்தான். போன மாதம் நம் ஆய்வு நிலைய இயக்குநர் வெளியூர் போயிருந்தபோது, நீ சொன்னபடியே ரேடார் அனுப்பும் அலைக்கற்றையை வடக்கே கொஞ்சம் சாய்த்தேன். பொழுது சாய்ந்த சற்று நேரத்தில், வானத்தின் மேலடுக்கில் மின்னேற்றம் பெற்ற காற்று குமிழ் குமிழாகக் கிளம்புவது திரையில் தெரிந்தது. பார்க்க நீ இல்லையே என்று அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம்தான் மிஞ்சியது.

அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? பூமத்திய ரேகைப் பக்கம் கிளம்பும் இந்தக் குமிழ்கள் பூமியின் காந்தக் கோடுகளை ஒட்டியே நீளும், அலை அவற்றில் செங்குத்தாகப் பட்டால்தான் எதிரொலி திரும்பும், நம் ஊரில் அதற்கு வடக்கே சாய்க்க வேண்டும் என்றாய்.

“ஏம்மா, பூமத்திய ரேகை தெக்கால கெடக்கு, நீ வடக்கால பாக்கச் சொல்றியே?” என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். ரேடாரை நேரே மேலே பார்க்க விட்டார். ஒன்றும் வரவில்லை. நீதான் கருவியைக் கெடுத்தாய் என்று உன் தலையில் பழியைப் போட்டு, சேலத்துத் தலைமை அலுவலகத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நீயும் கிளம்பினாய். தொப்பூர்க் கணவாயில் பிரேக் பிடிக்காத அந்த லாரி...

லாரிக்காரரை மன்னித்துவிட்டேன். இவரை எப்படி மன்னிப்பது? துக்கத்துக்கு மாலையோடு வந்து, “நல்ல பொண்ணுதாங்க. கொஞ்சம் பிடிவாதம், மெஷின் கெட்டுப்போச்சு” என்று அம்மாவிடமே சொன்னாரே! நீ ஏதோ தப்புச் செய்துவிட்டாய் என்றுதான் அம்மா இன்றும் நினைக்கிறாள்.

இந்த எதிரொலியைப் பார்க்க நேற்று வெளியூர் விஞ்ஞானிகள் வந்தார்கள். இவர் திரையைக் காட்டி, “வடக்கால சாய்ச்சாத்தாங்க எதிரொலி வரும். இது அரிச்சுவடிங்க” என்று அளந்துகொண்டிருந்தார். இந்தப் பேச்சுக்காகத்தான் நான் வாயை மூடிக் காத்திருந்தேன்.

“அப்புறம் ஏங்க சார் எங்கக்காவ மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க?”

திரையைக் காட்டிய கை அப்படியே நின்றது. எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? கோபித்துக்கொள்ளாதே, உன் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

வந்தவர்கள் போனபின் என்னை ஓரமாக இழுத்துப்போய், “தம்பி, இதோட வுட்ருங்க. ஆராய்ச்சிக் கட்டுரையில அக்கா பேர மொதல்ல போட்டுர்லாம்” என்றார். போடட்டும், அது உன்னுடையது. ஆனால் விட மாட்டேன். துக்கத்துக்கு வந்து உட்கார்ந்த அதே நாற்காலியில், அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, ‘உங்க பொண்ணு சொன்னதுதாங்க சரி’ என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அவர் ஏறும் ஒவ்வொரு மேடைக்கும் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். எழுந்து நின்று அதே கேள்வியைக் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டேன், அக்கா.

உன் கூடப்பிறந்த தம்பி