கட்டிலுக்கு மேலே ஒரு கறை

என் அருமைப் பெண்டாட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. அரிசோனாவில் மழை கொட்டியதும், நீ தங்கியிருக்கும் நம் பழைய கேரவன் வீட்டுவண்டியின் கூரை ஒழுகியதும், பக்கத்து வண்டியில் குடியிருக்கும் டெல்பர்ட் மேலே ஏறி அடைத்துக் கொடுத்ததும் தெரிந்தது. சந்தோஷம். இங்கே மர ஆலையில் எனக்கு மார்ச் வரை லீவு கிடையாது. யாராவது ஏறத்தானே வேண்டும்.

"எந்த மடையன்மா கூரையில போய் சிலிக்கான் பசையப் பூசினான்? இனி இதுமேல எதுவுமே ஒட்டாதே!" என்று அவன் சிரித்தானாம். நீயும் சேர்ந்து சிரித்தாயாம். சரி, பூசியது நான்தான், தப்புதான். அதை மூன்று நாள் முட்டிபோட்டுச் சுரண்டினானாமே, பாவம். மூன்று நாளும் உன் கையால் மாட்டிறைச்சிச் சூப் வேறு.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. கட்டிலுக்கு மேலே உட்கூரையில் இருக்கும் பழைய கசிவுக் கறை வாத்து மாதிரி இருக்கிறதென்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கறையை மேலே தொங்கும் அலமாரி மறைக்கும். நின்றால் தெரியாது, படுத்தால்தான் தெரியும். அதுவும் உன் பக்கம் படுத்தால் அது பூட்ஸ் மாதிரி இருக்கும். பதினோரு வருஷமாக நீ அப்படித்தான் சொல்லி என்னோடு சண்டை போடுகிறாய்.

என் தலையணையில் தலை வைத்தால்தான் அது வாத்து.

ஒழுகலை அடைக்கத் தெரியாத,
அந்தச் சிலிக்கான் மடையன்