போடாமல் விட்ட ரிட்டெய்னர்

பெர்மாஸ் ஜெயா,
ஜொகூர் பாரு

அன்பு மகள் ஷர்மைனுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம், என் வலது கையைத் தவிர. கோயில் படியில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஃபெலிசியா எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுது என்றால், கடிதம் நல்ல தமிழில்தான் இருக்க வேண்டும் என்று என்னையே திருத்துகிறாள். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் உன்னோடு படிக்கும் ரூபேந்திரன் நாளை கிளாஸ்கோ திரும்பும்போது முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேசினோமே, அப்பா அடித்த பகடிக்கு நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். எனக்குப் பகீரென்றது. பல்லை நேராக்கும் அந்த பிரேசஸ் கம்பியைப் போடுவதற்கு முன்னால் நீ அப்படித்தான் சிரிப்பாய். கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன், முன்பற்கள் மறுபடியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. கம்பியைக் கழற்றிய அன்று டாக்டர் என்ன சொன்னார்? பல் பழைய இடத்தைத் தேடிப் போகும், அதை நகராமல் பிடித்துவைக்கும் இந்த ரிட்டெய்னரை இரவில் மறக்காமல் மாட்டிக்கொண்டு தூங்கு என்றார். நீயும் தினமும் போடுகிறேன் என்றாய். உன் அலமாரியில் அகராதி தேடப்போன ஃபெலிசியா நீல டப்பாவோடு வந்து நிற்கிறாள், உள்ளே ரிட்டெய்னர் தூசி படிந்து கிடக்கிறது! வந்த கோபத்தில் நானும் சும்மா இருந்தேனா, சுத்தமாக அனுப்பலாம் என்று, உங்கள் பால் புட்டியைப் போட்ட மாதிரி அதையும் கொதிநீரில் போட்டேன். பிளாஸ்டிக் இல்லையா, எண்ணெயில் விழுந்த அப்பளமாகச் சுருண்டுவிட்டது. அலமாக், அம்மாவும் மகளும் சேர்ந்து நல்லா காரியம் பண்ணீங்க லா என்று அப்பா சிரிக்கிறார்.

சிரிப்போடு விட்டால் பரவாயில்லை. எவ்வளவோ காலம் காத்திருந்து, அரசாங்கப் பல் கிளினிக்கில் பிரேசஸ் போட ஃபெலிசியாவுக்கு வரும் திங்கட்கிழமை முறை வந்திருக்கிறது. பெரியவளுக்குப் போட்டு என்னா ஆச்சு, எல்லாம் பழையபடி கோணிக்கிச்சு, இவளுக்கும் எதுக்கு அந்த வேதனை, வேணாம் லா என்கிறார் அப்பா. இந்தக் கையை வைத்துக்கொண்டு என்னால் கார் ஓட்டவும் முடியாது, அவர்தான் கூட்டிப்போக வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். ரிட்டெய்னர் போடாததுதான் காரணம் என்று நான் சொன்னாலும், அதைக் கொதிநீரில் போட்டவள் பேச்சை அவர் எங்கே கேட்கப்போகிறார். நீ செய்ததற்கு இவள் ஏன் அனுபவிக்க வேண்டும்? இந்த வரிக்கு ஃபெலிசியா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுதடி என்று அதட்டித்தான் எழுத வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீயே அப்பாவிடம் சொல். பிரேசஸ்மேல் குற்றமில்லை, ரிட்டெய்னரைப் போடாமல் விட்டது நான்தான் என்று உன் வாயால் சொல். அங்கே ஒரு பல் டாக்டரையும் போய்ப் பார். முறுக்கை ரூபேந்திரனுக்கும் பங்கு கொடு, குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. எவ்வளவு திட்டினாலும், நீ வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்க்கத்தான் இந்த அம்மா ஞாயிறுதோறும் அந்தத் திரைமுன் உட்கார்ந்திருக்கிறேன். மாதா உன்னை நிழலாகக் காக்கட்டும்.

உன் அம்மா,
இன்பராணி

பி.கு.: அக்கா, அம்மா முறுக்கைக் கட்டப் போய்விட்டார், இது என் சொந்த வரி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் அது பொய். இந்த ஆண்டு வகுப்புப் படத்திலும் நான் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். முடிந்தால் சனிக்கிழமையே கூப்பிடு.
ஃபெலிசியா