டப்ளினுக்குப் பதினைந்து மணி நேரம்

நவம்பர் 17, ஞாயிறு

ஆன்மேரி அக்கா டப்ளினிலிருந்து பேசினாள். மார்ச் கடைசியில் பிரசவம். அம்மா பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். எவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டாள். தேடிப் பார்த்துச் சொன்னேன். சென்னையிலிருந்து எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். துபாயில் விமானம் மாறுவதையும் சேர்த்தால் பதினைந்து மணி நேரம்.

"மலை எறங்கி அடிவாரம் போறதுக்குள்ளயே எனக்குக் கொடலு வெளிய வந்துருது. பதினஞ்சு மணி நேரம் வாந்தி எடுத்தா என்ன மிஞ்சும்?"

அக்கா சிரித்தாள். பிறகு, "பரவால்லம்மா, இங்க நர்ஸுங்க எல்லாம் என்கூட வேல பாக்கறவங்கதான்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கும்தான்.

நவம்பர் 19

"பாஸ்போர்ட்டுக்கு எங்க போகோணும்?" — அம்மா.

பிப்ரவரி 26

விசா வந்துவிட்டது. அம்மா தினமும் பஸ்ஸில் அடிவாரம் வரை போய், அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வருகிறாள். பழகிக்கொள்கிறாளாம். கண்டக்டர் சத்யராஜ் அண்ணன், "ஏனுங்க அக்கா, டப்ளின் ஸ்டாப்பிங் வந்தா எழுப்பட்டுங்களா?" என்றாராம். "எழுப்பு. அதுவரைக்கும் ஜன்னல் சீட்ட எனக்கு உடு" என்றாளாம். இன்று ஒரே ஒரு வாந்திதான்.

மார்ச் 12

அம்மா தனியாகத்தான் போக வேண்டும். தமிழ் மட்டும்தான் தெரியும். நான் பட்டம் வாங்கியவள் என்று பெயர். கல்லூரியில் மூன்று வருஷம் பின்பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். யாரிடம் போய் என்ன உதவி கேட்பேன்?

மார்ச் 18

விமான நிலைய வரிசையில் ஒரு அக்கா போனில், டப்ளின் போகிறேன் என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பக்கத்தில் போய்த் திரும்பிவிட்டேன். பிறகு எப்படியோ பேசிவிட்டேன். திருச்சிக்காரர், பெயர் சுஜாதா. "உங்கம்மாவ நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல மூச்சு விடு" என்றார்.

அப்பாவும் நானும் பஸ்ஸில் திரும்பும்போது, உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, அக்காவின் வீட்டுக்காரர் மேக்ஸ்வெல் மாமா கூப்பிட்டார். அக்காவுக்குப் பெண் குழந்தை — சொன்ன தேதிக்கு முன்னாலேயே. இருவரும் நலம். அம்மா அப்போது கடலுக்கு மேலே. இத்தனை பாடுபட்டும் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியவில்லையே... துபாயிலிருந்து பேசினால் சொல்வதா, வேண்டாமா? தெரியாத இடத்தில் உட்கார்ந்து அழுவாளே.

"சொல்லிரு கண்ணு" என்றார் அப்பா. "இன்னும் எட்டு மணி நேரம் பிளேன்ல உக்காந்திருக்கோணுமல்ல. பேத்திய நெனச்சுக்கிட்டே போகட்டும்."

சுஜாதா அக்காவின் போனில் அம்மா வந்தாள். சொன்னேன். "யாரு சாடை?" என்றாள்.

மார்ச் 19

போய்ச் சேர்ந்துவிட்டாள். சுஜாதா அக்கா அனுப்பிய செய்தி: "உங்கம்மா தூங்கவும் இல்ல, என்னைத் தூங்க விடவும் இல்ல. முன் சீட்டு வெள்ளைக்காரருக்குக்கூட பேத்தி பொறந்தது தெரியும்."

மார்ச் 23, ஞாயிறு

வீடியோவில் அம்மா. மடியில் குழந்தை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏனுங்க அம்மணி, இங்கயும் ரெண்டு பேரு இருக்கறமுங்க" என்றார் அப்பா.

"மெதுவாப் பேசுங்க. புள்ள இப்பத்தான் கண்ணசந்துது."

போனை மெத்தையில் வைத்துவிட்டாள். அப்பா அணைக்கவில்லை, நானும் அணைக்கவில்லை. அந்த வீட்டின் வெள்ளைக் கூரையைக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.