நடைபாதை இல்லாத ரயில்

ஜப்பான், 14.10.1969

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தனிஸ்லாஸ் வணங்கி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே மோனோரயிலையும் மேம்பால ரயிலையும் ஒப்பிட்டுப் படிக்கிறேன். நேற்று சோதனை ஓட்டத்தில் மோனோரயில் பாதி வழியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. மேம்பால ரயிலென்றால் தண்டவாளத்தை ஒட்டிய நடைபாதையில் இறங்கி நடந்திருப்போம். இது ஒற்றை உத்தரத்தின் மேல் ஓடுவதால், கதவைத் திறந்தால் வெறும் காற்றுதான்.

நம் கிணற்றில் விழுந்து இறந்த தம்பி யாகப்பன் அப்போது என் காதருகே கூப்பிட்டான்: “அண்ணா, ஏணிய எறக்குங்க.”

மேம்பால ரயிலே நல்லது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்றும் கூப்பிடுகிறான்.

கொஞ்சம் புளி அனுப்புங்கள். கல்லறைத் திருநாளன்று அவனிடம் சொல்லுங்கள், அண்ணனுக்குக் கேட்கிறது என்று.

வகுப்பு மணி அடித்துவிட்டது, அம்மா.

உங்கள் மகன்
ஸ்தனிஸ்லாஸ்